தவா அளவு வெளிச்சம்

மாதனூர் பஸ் ஸ்டாப்பில் காசியின் டீக்கடை இருக்கிறது. அங்கே ஆதிகேசவன் எதைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் பத்தால் வகுத்துக்கொள்வார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை, பழக்கம். பத்தடிப் பாம்பு என்றால் ஓணான் என்று எடுத்துக்கொண்டு டீயைக் குடிப்பார்கள். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் கலர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். பழுப்பில் மட்டும் நானூறு பழுப்பு தெரியும் என்பார். நாற்பது தெரியும், அதுவே பெரிய விஷயம்தான்.

ஒருநாள் அவர், மலைமேல் மூடிக்கிடக்கிற சுரங்கத்துக் கல்லைச் சூடு பண்ணினால் இருட்டில் விளக்கு மாதிரி எரியும் என்றார்.

"பத்துல ஒண்ணுன்னா மின்மினி கூட தேறாது" என்றான் காசி, டீயை ஆற்றிக்கொண்டே.

ஆதிகேசவனுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இது உண்மை. சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கிருந்த மேஸ்திரி ஒரு துண்டை நெருப்புக் கரண்டியில் போட்டுக் காட்டியதை அவரே பார்த்திருக்கிறார். வாழ்நாளில் சொன்னவற்றுள் ஒரு பைசா கூட்டாமல் சொன்னது இது ஒன்றுதான். அதையும் வகுத்துவிட்டார்கள்.

வக்கார் அகமது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் ஷூவின் தையலைத்தான் பார்ப்பார். ஒரு நூல் பிரிந்திருந்தால் அந்தச் சம்பந்தமே அவருக்குப் பிடிக்காது.

"ஞாயித்துக்கெழம காட்டு கேசவா" என்றார் வக்கார். "எரிஞ்சா, இதே கடையில நின்னுகிட்டு, கேசவன் சொல்றது அத்தினியும் நெஜம்னு நானே சொல்றேன். எரியலைன்னா, பொங்கல் வரைக்கும் நீ இங்க வாயத் தெறக்கக் கூடாது. டீக்கு விரலக் காட்டு, போதும்."

"பொங்கல் வரைக்குமா?" காசி பதறிப்போனான். "பாய், அதுவரைக்கும் இன்னாத்த வச்சி நான் கடய ஓட்றது?"

ஆதிகேசவன் கை கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான், பேசாமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று யோசித்தார்.

சனிக்கிழமை வீட்டு ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்குக் கோணி கட்டினார். மேஸ்திரி அன்று கொடுத்த கல் இன்னும் அவரிடம் இருந்தது. கட்டைவிரல் பருமன், பச்சையில் ஊதா வரி ஓடியது. மனைவி தேவகியின் தோசைக்கல்லைக் காய வைத்து அதன்மேல் போட்டார். கல் கடுகு மாதிரி படபடவென்று பொரிந்தது. பிறகு, அடேயப்பா! வெளிர்ப்பச்சை, நீலம், கடைசியில் ஊதா. ஸ்டோர் ரூமில் திருப்பதி பிரம்மோற்சவம் நடந்தது.

"தேவகி! ஓடியா! சூரியன் உதிச்சிருக்குது!"

கைகழுவித் துடைத்துக்கொண்டு தேவகி வருவதற்குள் சூரியன் அஸ்தமித்துவிட்டது.

"தோசக்கல்லுல கல்ல வறுக்கிறீங்களா? நல்லாத்தான் இருக்குது. கழுவி வெய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் கவலைப்படவில்லை. அதே கல்லைத் துணியில் சுற்றி, மேலே பேனாவால் 'ஓகே' என்று எழுதினார். தோல் தொழிலில் சோதிக்காத துண்டை வாங்குகிறவன் முன்னால் யாரும் வைக்க மாட்டார்கள். தேறிய சாம்பிள் எதுவோ அதுதான் போகும். உதிரியாக இன்னொரு கல் எடுத்துப் போகலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சோதிக்காத கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஞாயிறு காலை மூன்று பேர் மலையேறினார்கள். மூன்றாமவர் ஹயாத் பாஷா, கல்யாணங்களுக்கு பிரியாணி போடுகிற மாஸ்டர். அடுப்பும் தவாவும் பொதுவான ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பது வக்காரின் நிபந்தனை.

சுரங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குனிந்து நுழைகிற ஒரு பொந்து. ஆதிகேசவன் டார்ச் அடித்துச் சுவரைக் காட்டினார். கருங்கல்லில் என்றோ ஒரு வெடிப்பு விட்டு, அதில் சுடுதண்ணீர் ஏறி, கரைத்துக்கொண்டு வந்ததையெல்லாம் வரிவரியாகப் படியவிட்டுப் போயிருந்தது. இரண்டு ஓரத்திலும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அதற்குள்ளே, எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கிற வெள்ளைக்கல். நடுவில் பச்சையும் ஊதாவுமாக ஆதிகேசவன் சொன்ன கல், ஃப்ளோரைட், மைசூர்பாகு துண்டு போட்டது போலச் சதுரம் சதுரமாக. அங்கங்கே ஈயத்தாது புது பெல்ட் பக்கிள் மாதிரி மின்னியது.

"இந்தச் செவுரு இமயமலைக்குப் பெரியப்பா" என்றார் ஆதிகேசவன்.

"ஜாஸ்தி பேசாத" என்ற வக்கார் பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தார். வெங்கச்சங்கல்லில் கோடு விழவில்லை. ஊதாவில் விழுந்தது. "சாஃப்ட்டா இருக்குது. ரிஜெக்ட்டு."

இரும்பு உருக்குகிற ஆலைகளுக்காக இந்தக் கல்லைத் தோண்டினார்கள். பட்டை விரலளவுக்கு மெலிந்ததும் போட்டுவிட்டுப் போனார்கள். தரையெல்லாம் உடைந்த வளையல் மாதிரி சில்லு கிடந்தது.

ஹயாத் பாஷா வாசலில் கரி மூட்டி, தவாவைக் காய்ச்சி, இடுக்கியால் பிடித்து உள்ளே கொண்டுவந்து செங்கல்மேல் வைத்தார். ஆதிகேசவன் துணியைப் பிரித்துக் கல்லைத் தவாவில் வைத்தார். டார்ச்சை அணைத்தார்கள்.

இருட்டு. இன்னும் இருட்டு.

"சூடு பத்தல" என்றார் ஆதிகேசவன். தவா மறுபடி அடுப்புக்குப் போய் வந்தது. கல் அசையவில்லை. மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி கம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ரிஜெக்ட்டு" என்றார் வக்கார்.

"இல்ல பாய், நேத்து..."

"பொங்கல்!"

ஆதிகேசவன் வாயை மூடிக்கொண்டார். உள்ளே வார்த்தைகள் கும்பமேளா போல முட்டி மோதின.

"கை சுடுதுப்பா" என்று ஹயாத் பாஷா கல்லைத் தள்ளிவிட்டு, தவாவைத் தரையிலேயே வைத்தார். டார்ச்சைத் தேடி மூவரும் துழாவினார்கள். அப்போது கீழே படபடவென்று சத்தம். தவாவின் விளிம்பைச் சுற்றி நீலமாக ஏதோ கசிந்தது. ஹயாத் பாஷா தவாவைத் தூக்கினார்.

தரையில் தவா அளவுக்கு வட்டமாக ஒரு வெளிச்சம் கிடந்தது. நீலம், பிறகு ஊதா. மூன்று பேருடைய மூக்கும் தெரிந்தது.

"யா அல்லா" என்றார் வக்கார்.

அது அணைந்ததும் அவருக்குள்ளே இருந்த கம்பெனிக்காரர் விழித்துக்கொண்டார். தவாவைத் திரும்பக் காய்ச்சி அதே இடத்தில் வைக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. பக்கத்தில் வைக்கச் சொன்னார். நீல வட்டம். அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"கேசவா, ஒன் கல்ல நேத்தே சுட்டுப் பாத்தியா?"

ஆதிகேசவன் தலையாட்டினார்.

"அட பைத்தியமே! இது ஒரு வாட்டிதான் குடுக்கும். எத்தினி காலமா சேத்து வச்சதோ, மொத சூட்டுலயே மொத்தத்தையும் குடுத்துட்டு ஓஞ்சிடுது. ஆனா, நீ காட்ன கல்லு எரியல. பந்தயம் பந்தயந்தான்."

கீழே இறங்கியதும் ஹயாத் பாஷா குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். வக்கார் நேரே டீக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். தவா, வட்டம், நீலம், ஊதா. ஒரு சொல் கூட்டவில்லை.

"பாய், நீங்களுமா?" என்றான் காசி.

கடையே சிரித்தது. வக்கார் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். கருப்பில் நீலமாக ஒரு தீற்றல்.

"இது கேஸ் அடுப்பு பாய்."

வக்காரின் பேச்சை இதுவரை யாரும் வகுத்ததில்லை. அவர் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். ஆதிகேசவன் ஓரமாக உட்கார்ந்து விரலைக் காட்டி வாங்கிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கேசவா, பேஜார் பண்ணாத. சொல்லுய்யா! பந்தயம் வாபஸ்."

எல்லோரும் திரும்பினார்கள். ஆதிகேசவன் கிளாஸைக் கீழே வைத்தார். பாய் சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும் என்று அவருக்குத் தெரியும். அதை மட்டும்தான் சொல்லப்போகிறார்.

"நெஜந்தான். தவா அளவு இருந்திச்சி" என்றார்.

காசி டீ ஆற்றுவதை நிறுத்தினான். பெஞ்சில் ஒருவர் தலையை ஆட்டினார். நம்புகிறார்கள்! இப்படி ஒரு அமைதியை ஆதிகேசவன் அந்தக் கடையில் கண்டதே இல்லை. அவரால் தாங்க முடியவில்லை.

"தவான்னா ஊட்டுத் தவா இல்ல. மாஸ்டரு ஆயிரம் பேருக்கு ஆக்கிற தவா. அந்த வெளிச்சத்துல பாலாறு பூரா தெரிஞ்சிது. விடிஞ்சிடுச்சின்னு குடியாத்தத்துல ஒரு கோழி கூவிச்சி."

காசி டீயை மறுபடி ஆற்ற ஆரம்பித்தான். ஆனால் எல்லார் கண்ணும் வக்கார்மேல் இருந்தது. ஒரு நூல் பிரிந்ததற்காக ஒரு லாரி ஷூவைத் திருப்பி அனுப்பிய மனிதர்.

வக்கார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு கோழி" என்றார்.