வாய்மொழி என்று போடாத மதிப்பெண்

எஸ்தர் டீச்சரின் பாடக்குறிப்பேட்டைப் பார்த்தால் மற்ற டீச்சர்களுக்குத் தலை சுற்றும். ஒரே பாடத்துக்கு மூன்று விதமாகத் திட்டம் எழுதியிருப்பாள். திக்கிப் பேசும் கிறிஸ்டோபருக்கு வாய்மொழிக் கேள்வியே கிடையாது, படம் வரைந்து பாகம் குறித்தால் போதும். ஜோதிகாவுக்கு நேர்மாறு. இதயத்தின் நான்கு அறைகளையும் ரத்தம் போய்வரும் வழியையும் கடகடவென்று சொல்லுவாள். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி, பாதி வரியில் பேனா நின்றுவிடும். பரீட்சையன்று எஸ்தர் அவளை லேபில் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அவள் சொல்வதற்கு மார்க் போடுவாள்.

நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மதிப்பெண் பதிவேட்டில் 'வாய்மொழி' என்று ஒரு வார்த்தை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை நெற்றியில் முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுமாம். மற்ற ஆசிரியர்களையும் கெஞ்சிக் கூத்தாடி அதே வழிக்குக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடத்திலும் ஜோதிகாவுக்கு எழுபது, எழுபத்தைந்து என்று வெறும் எண்ணாகவே ஏறியது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியது. ஜோதிகா சொல்ல, வேறொருவர் எழுத அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிற்று. பாஸானால் பிளஸ் ஒன்னில் சயன்ஸ் குரூப். தவறினால் காந்தி ரோட்டுக் கடையில் புடவை மடிக்கும் வேலை என்று அவள் அம்மா சம்பூர்ணம் கறாராகச் சொல்லியிருந்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. எஸ்தர் பதறிப்போய் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே தேர்வு விண்ணப்பங்களைக் கவனிக்கும் தனசேகரன் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"எழுதவே வராதுன்னு நீங்களே லெட்டர் குடுத்துக்கீறீங்க. எல்லாப் பரீட்சையிலயும் எழுபதுக்கு மேலன்னு நீங்களே மார்க்கும் போட்டுக்கீறீங்க. அனுமதி குடுக்கற குழு எதைம்மா நம்பும்?"

"அதெல்லாம் வாயால சொல்லச் சொல்லிப் போட்டது சார்."

"அது எங்க எழுதியிருக்குது?"

எங்கும் எழுதவில்லை என்று எஸ்தர் ஒப்புக்கொண்டாள்.

"ஒரு வரி எழுதியிருந்தா கண்ண மூடிக்கினு குடுத்திருப்பாங்க. இப்ப அனுமதி லிஸ்ட்டு மெட்ராஸ் போயிடுச்சு. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள். யாரைத் திட்டுவது? தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஜோதிகா லேப் வாசலில் காத்திருந்தாள். எஸ்தர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், பதிவேட்டு விஷயம் உட்பட. அந்தப் பெண் அழவில்லை. 

"எனக்கு எழுத வராதுன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் மிஸ். எனக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் மிஸ் மறைச்சீங்க?"

எஸ்தருக்கு உடம்பு கூசியது. இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட இவளிடம் கேட்கத் தோன்றவில்லையே. வெட்கம் இவளுடையதாக இருக்கவில்லை.

ஜோதிகா பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னும் நாப்பத்தோரு நாள் இருக்குது இல்ல மிஸ்," என்றாள். "எழுதக் கத்துக் குடுங்க."