தரைக்கு வந்த இறைச்சி

ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள எங்கள் ஊரில், தரையில் விரித்த அட்டையின்மீது வைக்கப்பட்ட இறைச்சியை யாரும் அடுப்புக்குக் கொண்டுபோவதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேகவைக்க வேண்டியது முன்பே பிரிக்கப்பட்டுப் பானைக்குப் போய்விடும். அட்டைக்கு வந்தது எல்லாருக்குமானது, பச்சையாக உண்ணப்படுவது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொதிநீரில் போடுவது, வேட்டையாடியவனின் முகத்துக்கு நேரே அவன் இறைச்சியை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

சியாசிக்கு அது ஐந்தாம் மாதம். இதற்கு முந்தைய கரு தங்கவில்லை. ஆகவே இம்முறை பேறுகால மருத்துவச்சி அக்கினிசி எதைச் சொன்னாலும் அவள் மறுபேச்சின்றிச் செய்தாள். ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொன்னபோது அக்கினிசி பயன்படுத்திய சொற்கள் எளியவைதாம். "பச்சை இறைச்சியில இருக்குமே ஒரு கிருமி, அது உன் ரத்தத்துல வந்து போன தடயமே இல்ல."

மாமியார் ரிபேக்காவுக்கு அந்தச் செய்தி பாதியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மருமகளுக்கு நோய் இல்லை என்று மகிழ்ந்து, உறைந்த மான் இறைச்சியைச் சீவித் தட்டு நிறைய வைத்தாள்.

"இல்லைன்னுட்டாங்கல்ல? அப்புறம் என்ன பயம், சாப்பிடு!"

மறுநாள் அக்கினிசியே வீட்டுக்கு வந்து அந்த மகிழ்ச்சியைத் திருத்த வேண்டியதாயிற்று.

"ரிபேக்கா, உனக்கு அது எப்பவோ சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். உன் உடம்பு அதைத் தெரிஞ்சு வச்சிருக்கு. இவ உடம்பு இன்னும் அதைப் பார்த்ததே இல்ல. இப்ப முதல் தடவையா வந்தா நேரா பிள்ளைக்குப் போகும். கண்ணு கெடலாம், மூளை கெடலாம்."

"பொறந்ததுல இருந்து நம்ம சாப்பாட்டைத்தானே தின்னா? ஒண்ணுமே ஒட்டலையா அவ ரத்தத்துல?"

"அதிர்ஷ்டம்."

"நல்லா இருக்கு உங்க அதிர்ஷ்டம்! சாப்பிட்டா ஆபத்துங்கறதுக்குப் பேரு அதிர்ஷ்டமா?"

அக்கினிசி சிரித்தாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "மான் நல்லது, இரும்புச்சத்து இருக்கு. விட்டுடச் சொல்லல. வேகவச்சுச் சாப்பிடட்டும்."

எங்கள் வீடுகளில் வெந்தது என்றால் வெளிப்புறம் நிறம் மாறியது என்று பொருள். எலும்பையொட்டிய சதை சிவப்பாகவே இருக்கும், அந்தச் சாறுதான் சுவை. சியாசி தனக்கென ஒரு சிறு பானை வைத்துக்கொண்டாள். சதையைச் சின்னத் துண்டுகளாக்கி, உள்ளே சிவப்பின் சாயலும் இல்லாமல், வடியும் நீர் தெளியும்வரை கொதிக்கவிட்டாள். பச்சை இறைச்சியை அறுத்த உலுவை, பெண்கள் கையாளும் அந்தப் பிறைவடிவக் கத்தியை, சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறெதையும் அதனால் தொடுவதில்லை. குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிக் கைப்பிடியளவு சதையை ஈயத்தூளுக்கு அஞ்சி வெட்டி எறிந்தாள். ரிபேக்கா அந்தப் பானையில் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்துவிட்டு, "இது மானா, மானை உதைச்ச பூட்ஸா?" என்று கேட்டாள்.

விருந்துகளில் அவள் தந்திரமாகச் சமாளித்தாள். அட்டையருகே மற்றவர்களோடு உட்கார்ந்து, அறுத்து அறுத்துப் பக்கத்திலிருந்தவர்களுக்கு ஊட்டிவிட்டுத் தான் தேநீரோடு எழுந்துவிடுவாள். யாரும் கவனிக்கவில்லை. ஐபிலி தன் முதல் மானைச் சுடும்வரை அது போதுமானதாக இருந்தது.

ஐபிலி பிறந்தது ஒரு பனிப்புயலின்போது. தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய விமானம் வரவில்லை. அப்போது சிறுமியாயிருந்த சியாசியின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துத் தொப்புள்கொடியை வெட்டச் சொன்னார்கள். அதனால் அவள் அவனுடைய சனாஜி, அவனை ஆக்கியவள்; அவன் அவளுடைய அங்குசியாக், அவள் ஆக்கிய ஆண். சனாஜிக்குத்தான் ஒருவனின் முதல் வேட்டை சேரும். அவள் முதல் துண்டைக் கடித்த பிறகே மற்றவர்கள் கை நீட்டலாம். அவள் மனமாரக் கடித்தால் அவனுக்கு விலங்குகள் தாமாக வரும். முகம் சுளித்தால் அவை விலகிப்போகும்.

மற்ற ஆண்பிள்ளைகள் இதைப் பால்பற்கள் விழும் வயதிலேயே முடித்துவிடுகிறார்கள். ஐபிலியோ தாயின் சிகிச்சைக்காகத் தெற்கே மாண்ட்ரியலில் வளர்ந்து, மீசை முளைத்த பிறகு திரும்பியவன். கூட்டுறவுக் கடை வாசலில் அவனைக் கண்டால், "இன்னிக்கு என்ன வேட்டை, உறைஞ்ச கோழியா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆகவே ஊர் வானொலியில் அவன் பெயரும் மான் என்ற சொல்லும் ஒரே மூச்சில் ஒலித்தபோது, சியாசி கைதட்டி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"வாயில வச்சுட்டுத் துணியில துப்பிடு," என்றான் கணவன் புதுலிக்.

"வாயில வச்சாலே வச்சதுதான்."

"வழியெல்லாம் பனி. சறுக்குவண்டியிலயே உறைஞ்சிருக்கும். உறைஞ்சா கிருமி செத்துடாதா?"

"அக்கினிசிகிட்ட அதையும் கேட்டாச்சு. அரைநாள் குளிரை நம்பாதேன்னு சொல்லிட்டா."

யோசனை சொன்னவள் ரிபேக்காதான். "அவன் வாசல்ல நிக்கும்போதே ஒரு தொடையை வாங்கி நேரா பானையில போட்டுடறேன். தரைக்கு வந்தாத்தானே வம்பு?"

சியாசி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். திட்டம் நல்ல திட்டம். ஐபிலியின் அவசரத்தை மட்டும் அது கணக்கில் கொள்ளவில்லை. அவன் வாசலில் நிற்கவே இல்லை. பனி ஒட்டிய காலணியோடு ரிபேக்காவின் நீட்டிய கைகளைத் தாண்டி உள்ளே வந்து, மொத்த மானையும் அட்டையின்மேல் பரப்பினான். அவன் பின்னாலேயே ஊரின் பாதி வந்தது. வேலையை அரைகுறையாய் விட்டு வந்தவர்களும் சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். எல்லார் கையிலும் கத்தி இருந்தது, ஒருவரும் தொடவில்லை.

ஐபிலி முதுகுத்தசையிலிருந்து, வெள்ளைக் கொழுப்பு ஒட்டிய ஒரு நீளத் துண்டை அறுத்தான். சியாசியின் முன் மண்டியிட்டு நீட்டினான்.

"சனாஜி, உனக்கு. தாமதமாயிடுச்சு."

"வந்துடுச்சுல்ல, என் அங்குசியாக்," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

துண்டு குளிர்ந்து கனமாயிருந்தது. அதன் மணத்துக்கே அவள் நாவில் நீர் ஊறியது. அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. வேண்டாதது ஒன்றை மறுப்பது எளிது. வயிற்றினுள் குழந்தை மெல்ல அசைந்தது.

"கடிச்சு இழு!" என்று சுவரோரத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "இவனுக்காக நாங்க காத்திருந்த காலத்துக்குப் பல்லே போயிடுச்சு எனக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஐபிலியும் சிரித்தான், ஆனால் அவன் கண்கள் அவள் வாயைவிட்டு அகலவில்லை. ரிபேக்கா மருமகளைப் பார்க்காமல் அட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். புதுலிக் மெதுவாக ஒரு துணியைச் சியாசியின் மடிப்பக்கம் நகர்த்தினான்.

சியாசி அந்தத் துணியை எடுத்துக் கணவனிடமே கொடுத்தாள். பிறகு தரையில் கையூன்றி எழுந்தாள். மக்கள் அவளுக்கு வழிவிட்டுக் கால்களை மடக்கினார்கள். எங்கே போகிறாள் என்று அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. அடுப்பருகே போய்ப் பலகையில் வைத்து அந்தத் துண்டைச் சிறிது சிறிதாக நறுக்கத் தொடங்கியபோதுதான் பேச்சு நின்றது.

"சியாசி," என்றார் கிழவர், சிரிப்பில்லாத குரலில். "அது தரைக்கு வந்தது."

"தெரியும்." அவள் ஐபிலியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. "உன் மான் நல்ல மான். இவ்வளவு கொழுப்பை நான் இந்த வருஷம் பார்க்கல. குறை அதுல இல்ல, என் ரத்தத்துல. பச்சையா சாப்பிட்டா என் பிள்ளைக்கு ஆகாது. வேகவச்சா ஒண்ணும் ஆகாது. நான் சாப்பிடத்தான் போறேன், ஐபிலி. ஒரு துண்டு விடாம, உன் கண்ணு முன்னாடி."

"அதுவரைக்கும் நாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் கடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அந்த வழக்கத்தை நான் மாத்தல. காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"உள்ளே சிவப்பு போற வரைக்கும்," என்று சொல்லி, பலகையிலிருந்த இறைச்சியை எல்லாரும் பார்க்கக் கொதிக்கும் நீரில் வழித்துப் போட்டாள்.