முனை பதினேழு

மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. ஒரு ஊசி பழைய ரிலேயின் முதுகில் இருந்தது. இன்னொன்று பலகையின் அடியில் வரிசையாக இருந்த திருகு முனைகளில் பதினேழாவதில். நடுவே ஓடுவது இரண்டடி ஒயர். அது சரியாக இருந்தால் மீட்டர் கத்த வேண்டும்.

"மேடம், உங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்கு," என்றார் உதவிக்கு நின்ற குருவி.

அண்ணிதான். "டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரும்மா. இன்னிக்கு ராத்திரியத் தாண்டாதுன்னு சொல்றாரு. நீ வந்துடேன்."

"பேசுறாரா?"

"காலைல ரெண்டு வார்த்தை பேசினாரு. அதேதான் கேட்டாரு."

அது என்ன என்று அவள் கேட்கவில்லை. 'நான் ஸ்விட்சை ஆன்லதானே வெச்சிருந்தேன்?' பதினோரு வருடங்களாக அண்ணன் கேட்டுவருவது இந்த ஒன்றைத்தான்.

அண்ணன் இந்தத் துணை மின்நிலையத்தில்தான் ஷிப்ட் ஆப்பரேட்டராக இருந்தார். டிரான்ஸ்பார்மருக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் ரிலே சதா ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கணக்கு உதைத்தால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடியே பிரேக்கருக்கு உத்தரவு போய் மின்சாரம் அறுந்துவிட வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அது அறுபடவில்லை. மேல் நிலையத்திலிருந்து மின்சாரம் நிற்பதற்குள் டிரான்ஸ்பார்மர் வயிறு வெடித்து எண்ணெய் பற்றிக்கொண்டது. எண்ணெய் மட்டத்தைக் குறிக்கப் போயிருந்த ஒயர்மேன் குருவியின் வலது கை வெந்துபோனது. குருவி என்ற பெயரே அவர் கம்பம் ஏறும் வேகத்துக்கு வைத்தது. அதன்பிறகு அவர் கம்பம் ஏறவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கண்டது, ரிலேயின் உத்தரவைப் பிரேக்கருக்கு விடும் ட்ரிப் ஸ்விட்ச் ஆஃபில் இருந்ததை. வெடித்த பிறகு ஓடிவந்து கைக்குக் கிடைத்த ஸ்விட்சையெல்லாம் திருப்பியது தான்தான் என்று அண்ணன் சொன்னார். அதற்கு முன்பே அணைத்துவைத்திருந்தாய் என்றார்கள் அவர்கள். அந்த ரிலே காரணமில்லாமல் அடிக்கடி மின்சாரத்தை அணைத்துவிடும் என்று பேர். தொல்லை பொறுக்காமல் ஆப்பரேட்டர்கள் அப்படிச் செய்வதும் உண்டு. நாலு தடவை கேட்டபோது அண்ணனுக்கே குழம்பிவிட்டது.

அன்றைக்கு அவரிடம் பேசியது அவள்தான். "ஒத்துக்கோண்ணா. மனுஷன்தானே, மறந்திருப்ப. எழுதிக் குடுத்துட்டா சின்னதா முடிஞ்சுடும்." ரிலே சோதனைப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த தங்கை, படித்தவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும். அண்ணன் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் குருவி அவருடன் பேசுவதை நிறுத்தினார். அண்ணனைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். வீட்டில் அவர் கதவைப் பூட்டிவிட்டு ஐந்து தடவை இழுத்துப் பார்க்கிற ஆளானார். அடுப்பை அணைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு, "நீ ஒரு தரம் பாரு, என் கைய நம்ப முடியாது," என்பார்.

எரிந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு போனதோடு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. இப்போது புதிது வந்திருக்கிறது. பழைய ரிலேயைக் கழற்றிப் புது டிஜிட்டல் ரிலேயைப் பொருத்தி, சோதித்து ஓட்டிவிட வேண்டியது அவள் பொறுப்பு. ஒயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துக் குறித்துக்கொண்டே வந்தவள்தான் பதினேழில் நின்றாள்.

டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது இறுகியிருந்தது செம்பின்மேல் அல்ல, மேலே இருந்த பிளாஸ்டிக் உறையின்மேல். உறையை அரை விரற்கடை கூடுதலாகச் சீவியிருந்தால் போதும். பலகையை அமைத்த யாரோ ஒருவர் அவசரத்தில் அப்படியே செருகி முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ரிலேயை மட்டும் சோதித்தவர்கள் அது வேலை செய்கிறது என்று எழுதியிருப்பார்கள். பிரேக்கர் வரைக்கும் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்தாள். அது பிரேக்கருக்கு உத்தரவு கொண்டுபோகும் ட்ரிப் ஒயர். ஸ்விட்ச் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் அந்த உத்தரவு போயே இருக்காது. ஒருநாளும் போயிருக்காது. அடிக்கடி அணைந்ததெல்லாம் அதே பலகையில் இருந்த பக்கத்து ரிலேயின் வேலையாகத்தான் இருக்கும்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு மேடம்?"

அவள் டார்ச்சை அவரிடம் நீட்டினாள். குருவி இடது கையால் வாங்கி, முழங்காலிட்டு, வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடம் ஒயர் சீவியவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது பிடிக்கவே இல்லையே," என்றார். பிறகு, "அடப்பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவள் உடனே கிளம்பியிருக்கலாம். அண்ணி காத்திருக்கிறாள். ஆனால் இதைக் கழற்றிவிட்டால் பிறகு வெறும் வாய்வார்த்தைதான். படம் எடுத்தாள். நிலையப் பொறியாளரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னால் மறுபடி மீட்டரை வைத்தாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "எப்படியும் கழட்டிப் போடப்போற ரிலேதானே மேடம். விசாரணையும் முடிஞ்ச கதை. எதுக்குக் கிளறணும்?"

"எழுதுங்க சார்," என்றார் குருவி. மடங்காத மூன்று விரல்களோடு வலது கையை மேசைமேல் வைத்தார். "இந்தக் கையாலேயே நானும் கையெழுத்துப் போடுறேன்."

பொறியாளர் அந்தக் கையைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து எழுதினார். இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு நிமிடமும் அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது குருவி வாசலில் நின்றார். "நானும் வரட்டுமா? அந்தத் தெருப்பக்கமே போனதில்ல. அவரு வேணாம்னா வெளியவே நின்னுக்கறேன்."

"ஏறுங்க."

அண்ணன் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். மூச்சு மேல்மூச்சாக வந்துகொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன. குருவியைப் பார்த்ததும் அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குருவி நேராகப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டேய். குருவி வந்திருக்கேன்டா."

கண்கள் மெல்லத் திறந்தன.

"உன் ஸ்விட்ச்சு மேல தப்பே இல்லடா. ஒயரு பிடிக்கல. ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல. திருகு பிளாஸ்டிக் மேல உக்காந்திருக்கு. என் கண்ணால பாத்தேன்."

அண்ணனின் பார்வை குருவியைத் தாண்டி அவளிடம் வந்தது. "யாரு பாத்தா?"

"நானும் பாத்தேண்ணா."

"மீட்டர் வெச்சா?"

"மீட்டர் வெச்சு. மூணு தரம்."

"எந்த முனை?"

"பதினேழு."

அவர் உதடுகள் அசைந்தன. மனதுக்குள் பலகையைத் திறந்து, மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பதினேழில் வந்து நின்றார்.

"ட்ரிப்பு," என்றார்.

"ஆமாண்ணா. பதிவேட்டுல எழுதியாச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

அண்ணன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். இதுதான் கடைசியோ என்று அண்ணி எட்டி அவர் கையைப் பிடித்தாள். இல்லை. அடுத்த மூச்சும் வந்தது. கொஞ்சம் நிதானமாக வந்தது.

"கை எப்படிடா இருக்கு?" என்று குருவியைக் கேட்டார்.

"அதுக்கென்ன. மழை வந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லும். ரேடியோவே வேணாம்."

அண்ணனின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய எல்லோருக்கும் ஒரு கணம் பிடித்தது. அப்புறம் அண்ணியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவள் கட்டிலருகே குனிந்தாள். "அண்ணா, அன்னிக்கு நான்தான் உன்னை ஒத்துக்கச் சொல்லி..."

அவர் விரலை லேசாக உயர்த்தினார். "புதுசை எப்ப ஓட்டுறீங்க?"

"இந்த வாரம்."

"பிரேக்கர் வரைக்கும் பாத்துடு. ரிலேயோட நிறுத்தாத."

"பாக்குறேண்ணா. நானே நின்னு பாக்குறேன்."

"ம்," என்றார். கண்களை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. குருவி அவர் கையைத் தன் இடது கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஷிப்ட் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாம்பு புகுந்த பேட்டரி அறை. தூக்கத்தில் சல்யூட் அடித்த காவலாளி. விடிகாலை நான்கு மணி வாக்கில் கதையின் நடுவில் குருவி நிறுத்தினார். அவள் அண்ணனின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். மணிக்கட்டைத் தொட்டாள். பிறகு அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அண்ணி அலறவில்லை. அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "நல்லா கேட்டுக்கிட்டுதான் போனாரு," என்றாள். "இல்லம்மா?"

"கேட்டுட்டுத்தான் போனாரு அண்ணி."

"முகத்தைப் பாரேன். பொண்ணு பாக்க வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு."

அவள் கூடத்துக்கு வந்து உறவுக்காரர்களுக்குப் போன் செய்தாள். ஒரே செய்தியை ஏழு பேரிடம் சொன்னாள். ஏழாவது ஆளிடம் சொல்லும்போதுதான் தன் குரல் உடையாமல் இருப்பதைக் கவனித்தாள். கழுத்திலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள்.

திரும்பிப் போனபோது அண்ணி கட்டிலை ஒட்டி, வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர், துக்கம் கேட்க வந்தவர்கள், படியேறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் அழுவதற்கு வாயைத் திறந்தாள். தங்கை விரைந்து போய்க் கதவை மறித்து நின்றாள்.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க. அண்ணி தூங்குறாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவி பின்கட்டிலிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கிவந்து, தரையில் உரசாமல், முற்றத்தில் போட்டார். வந்தவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். அறையிலிருந்து லேசான குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.