நம்பர் போட்ட மரங்கள்

என் கையெழுத்து அழகு என்று ஊரே சொல்லும். அந்தக் கையை முறித்து அடுப்பில் வைக்க வேண்டும்.

நான் போர்டு எழுதுகிறவன். கடைப் பெயர், லாரி நம்பர், கழிப்பறைக் கதவில் 'ஆண்', 'பெண்' எல்லாம் என் கைவேலைதான். எங்கள் தெருவுக்கு மேலே சரிவில் ஒரு காடு. அதற்கு நேர் கீழே என் அக்கா வீடு. போன மழையில் சமையலறைக்குள் முட்டியளவு சேறு வந்தது. மேலே மரங்கள் மண்ணைப் பிடித்து வைத்திராவிட்டால் அக்காவும் பிள்ளைகளும் வீட்டோடு போயிருப்பார்கள். அந்தக் காட்டை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே திரண்டு மனுவோடு வன அலுவலகத்துக்குப் போனோம்.

அதிகாரி மனுவைத் தொடக்கூட இல்லை. "மொட்டையா 'காடு'ன்னு எழுதினா எப்படி? மரத்தை எண்ணி, நம்பர் போட்டு, பட்டியலோட வாங்க" என்றார்.

நம்பித் தொலைத்தோம். பத்து நாள் அக்கா எண்ணிக்கொண்டே முன்னால் போக, நான் வெள்ளை பெயிண்டும் பிரஷ்ஷுமாகப் பின்னாலேயே போனேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. பட்டியலை வாங்கிக்கொண்டு, "பிரமாதமா பண்ணியிருக்கீங்க" என்று பல்லைக் காட்டினார் அந்த மகானுபாவர். எனக்கும் பெருமை தாங்கவில்லை, மானங்கெட்டவன்.

இன்று காலை ரம்பச் சத்தம் கேட்டு ஓடினோம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை தரையில் கிடந்தன. காண்ட்ராக்டர் உத்தரவை நீட்டினான். 'எண்ணிடப்பட்ட மரங்களை மட்டும் வெட்டலாம்.'

"கோவப்படாதீங்கண்ணே. எங்க ஆளுங்க நம்பர் போட்டிருந்தா ஒரு மாசம் இழுத்திருக்கும். நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க" என்று சிரித்தான்.

"அடப்பாவிங்களா! காப்பாத்தத்தானடா எண்ணினோம்!" என்று அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அவனை அடிச்சு என்ன ஆகப் போவுது? போய் பெயிண்ட் டப்பாவை எடுத்துட்டு வா."

"நம்பரை அழிச்சிரலாமாக்கா?"

"அழிச்சா? பட்டியல் அவன் கையில இருக்கே, மண்டு!"

டப்பாவோடு திரும்பியபோது பத்தாம் மரத்தில் முதுகு சாய்த்து நின்றிருந்தாள். முழங்கையை நீட்டினாள்.

"நானூத்திப் பதிமூணு. எழுதுடா."

எழுதினேன். அடுத்து டீக்கடைக்காரர் கையை நீட்டினார், அதற்கடுத்து டீச்சர், பஸ் கண்டக்டர். ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து நின்றார்கள். ரம்பக்காரன் மெஷினை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். மத்தியானத்துக்குள் எழுபத்தெட்டு பேர்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "என்னம்மா கூத்து இது? சரி, இன்னைக்கு நிறுத்திக்கறோம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க, நாளைக்குப் பேசிக்கலாம்."

அக்கா அசையவில்லை.

"நாங்க போக மாட்டோம் சார். நாளைக்கும் இங்கதான் நிப்போம். வெட்டித்தான் ஆவணும்னா ரம்பத்தை மட்டும் கொண்டாராதீங்க, பாடையையும் சேத்துக் கொண்டாங்க."