புகைக்கூடத்தில் உலர்ந்த கார்

எழுதிப் பழகாத எளியேன் இக்கதையைச் சொல்லத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பாலோ ரப்பர் தோட்டத்து டிரைவர் அமலநாதனுக்கு அன்று கை கால் ஓடவில்லை. துரையின் வெள்ளைப் பந்தயக் காரைக் கழுவி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. துணியால் துடைத்தால் கீறல் விழுமென்று துரை தடுத்திருந்தார். மாலையில் துரைக்குக் கார் வேண்டும்; அதற்குள் காயாவிட்டால் வேலை போய்விடும்.

"ரப்பர் ஷீட்டே காயுது, இது காயாதாண்ணே? உள்ளே தள்ளுங்க லா!" என்றான் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தைக் காக்கும் வீரமுத்து.

இருவரும் தள்ளினார்கள். கார் நன்றாகவே காய்ந்தது.

மாலையில் துரை புகைக்கூடத்தின் கதவைத் திறந்தார். கார் தேன் நிறத்தில், கருவாடுபோல் மணத்துக்கொண்டு நின்றது.

"ஒரு பொட்டு ஈரம் இல்லைங்க, துரை," என்றார் அமலநாதன் பணிவாக.

இழந்தவை: காரின் வெள்ளை நிறம், டிரைவர் வேலை, வீரமுத்துவோடு பேச்சுவார்த்தை.