வெத்தலை டாக்டரும் டூப்பு இயர்போனும்

1

இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. அரைப்பக்கத் துணுக்காகப் பிறந்திருக்க வேண்டியது. 2008-இல் ஒரு வார இதழின் ஆசிரியர் பக்தவச்சலம் எனக்குப் போன் செய்தார். "இப்ப ஆளாளுக்கு இன்டர்நெட்ல பொருள் வாங்குறாங்க. விலை உசந்த இயர்போன்ல போலியைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு டிப்ஸ் எழுதிக் குடுங்க. கதை வேணாம், டிப்ஸ்" என்றார். கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார். என்னை அவருக்குத் தெரியும்.

நானும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தேன். ஒன்று: பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு: விலை பாதிக்குப் பாதி என்றால் சந்தேகப்படுங்கள். மூன்று: விற்பவர் போட்டிருக்கும் படத்தை உற்று

அவ்வளவுதான். யார் உற்றுப் பார்ப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்துத் தொலைத்தேன். கல்மண்டபம் பிரவுசிங் சென்டர் ஒன்றில், அரைக்கதவு போட்ட தடுப்புக்குள், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து ஒரு பெண் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் யசோதரா, ஊர் வியாசர்பாடி. அதன் பிறகு பக்தவச்சலத்தின் போனை நான் எடுக்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "'இன்னாமே கஸ்மாலம், பேஜாரு பண்றியா?' என்று கத்தியபடி யசோதரா பஸ்ஸிலிருந்து குதித்து"

இதை வெட்டியது நான் இல்லை, யசோதரா. "இன்னா சார் இது? எங்க பக்கம் எவனாவது இப்டி பேசினா, எங்க ஷூட்டிங் நடக்குதுன்னு கேப்பாங்க" என்றாள். நான் அந்த பாஷையைக் கற்றுக்கொண்டது தியேட்டரில் என்பதை எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. அவள் வீட்டில் 'கீது' என்பாள், ஆபீஸில் 'இருக்கு' என்பாள். இரண்டும் அவளுடையதுதான். யாருக்காகவும் ஒன்றைக் கூட்டிப் பேசமாட்டாள்.

இரண்டாம் முயற்சி: "துறைமுகத்துக் கிரேன்களின் பின்னால் செஞ்சூரியன் மெல்ல"

வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது.

மூன்றாவது: யசோதராவுக்குத் திங்கட்கிழமை பரீட்சை.

இதை வைத்துக்கொண்டேன்.

3

யசோதராவுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. வேலையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது தண்டையார்பேட்டையில் ஒரு மாடி ஆபீஸில். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன நோய், என்ன மருந்து என்பதை மெஷினில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு கடல் தாண்டி இங்கே வரும். யசோதரா காதில் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும், கேட்டதைக் கேட்டபடி டைப் அடிக்க வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். அந்தப் பெயர் அவள் அப்பா லோகநாதனின் வாயில் நுழையாது. "எம் பொண்ணு அமெரிக்கா டாக்டருங்களுக்கு எழுதிக் குடுக்குது" என்று ஹவுசிங் போர்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சொல்லும்போது அவர் முகம் பூரித்துப்போகும். அதைப் பார்த்தாலே யசோதராவுக்கு பயமாக இருக்கும்.

டாக்டர்களில் ஒருவர் எதையோ வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார். ஆபீஸில் அவருக்கு வெத்தலை டாக்டர்* என்று பெயர். யசோதரா வழுக்கி விழுந்தது அவரிடம்தான். 'நோ நோன் அலர்ஜீஸ்' என்றால், தெரிந்தவரை இந்த நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லை. அதில் முதல் 'நோ'வை டாக்டர் மென்று விழுங்கிவிட்டார். யசோதரா மிச்சத்தை மட்டும் அடித்தாள், அர்த்தம் தலைகீழானது. அடுத்த முறை உஷாராக 'நோ' போட்டாள். அந்தத் தடவை அவர் 'நோ' சொல்லவே இல்லை.

(* அமெரிக்காவில் வெற்றிலை கிடைக்குமா என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.)

சூப்பர்வைசர் ஜேக்கப் கத்தவில்லை. "இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாதும்மா. திங்கட்கிழமை அவரோட ஃபைல் ஒண்ணு தரேன். அதுல தெரிஞ்சிடும்" என்றார்.

கேட்காத சொல்லின் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். அந்தத் தொழிலில் அதற்கு அனுமதி உண்டு, மேலே இருப்பவர் கேட்டு நிரப்புவார். யசோதராவுக்கும் இது தெரியும். ஆனால் கை வராது. கோடு போடுகிறவர்களை இளப்பமாகப் பார்க்கிற ஆபீஸ் அது. போதாக்குறைக்கு, பள்ளிக்கூடப் பரீட்சையில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று வரும்போதெல்லாம் "காலியா மட்டும் விடாதீங்க, எதையாவது எழுதி வைங்க" என்று சொல்லியே வளர்த்தவர் தேவகிருபை டீச்சர். கோட்டைக் கண்டால் அந்தக் கை நிரப்பிவிடும்.

ஆபீஸ் ஹெட்போன்களோ பஞ்சு உதிர்ந்து செல்லோடேப்பில் உயிர் வாழ்ந்தவை. நல்ல இயர்போன் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யசோதரா நம்பினாள்.

4

வெளிநாட்டுக் கம்பெனி. பெயரைச் சொல்லமாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கும் அளவுக்கு எனக்கு வசதி இல்லை. காதுக்குள் செருகிக்கொள்ளும் வகை. ஏலம் விடும் இணையதளம் ஒன்றில் யாரோ விற்றார்கள். விலை பாதிக்கும் கீழே. படம், கம்பெனி விளம்பரத்தில் வந்த அதே படம். ஒரே பத்தியில் 'ஒரிஜினல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

துணுக்கு எழுத உட்கார்ந்தவனாக நான் அவள் காதில் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் வாங்கமாட்டாள். வாங்காவிட்டால் எனக்குக் கதை இல்லை. எழுதுகிறவர்களை ரொம்ப நம்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. பெட்டி பளபளவென்று இருந்தது. ஆனால் 'ஸ்டீரியோ' என்ற சொல்லில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தது. நாள் முழுக்க எழுத்துப்பிழை பார்க்கிறவளுக்கு, பெட்டியைத் திறக்கும் முன்பே அது கண்ணில் பட்டுவிட்டது. திறந்து காதில் மாட்டினாள். சத்தம் வந்தது. நல்ல சத்தமா? தெரியவில்லை. டூப்பு என்றால் எதைவிட மட்டம்? ஒரிஜினலை அவள் கேட்டதே இல்லையே. அவள் தெருவிலும் யாரும் கேட்டதில்லை.

என் டிப்ஸில் இதற்கு மருந்து இல்லை. (உங்கள் கதியும் இதுதான். இந்த யசோதரா ஒரிஜினலா டூப்பா என்று பார்க்க, ஒப்பிட்டுக்கொள்ள உங்களிடம் இன்னொரு யசோதரா இருக்கிறாளா?)

5

சனிக்கிழமை அவள் கல்மண்டபத்துக்கு, லியாகத் அலி பாய் கடைக்குப் போனாள். ரேடியோ, டேப்ரிக்கார்டர், வாக்மேன் ரிப்பேர். பாய்க்குத் தெரியாத விஷயம் கிடையாது. அதில் எந்தப் பாதி தப்பு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"டப்பா கீதா?" என்றார் பாய், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"கீது பாய்."

"அப்ப டூப்பு."

"பீஸையே நீ இன்னும் பாக்கலியே!"

"அத்த இன்னாத்துக்கு பாக்கணும்? கப்பல்காரன் ஒரிஜினலை பாக்கெட்ல போட்டுகினு எறங்குவான். டப்பாவோட எறங்கினா ஹார்பர் கேட்டுல புடிச்சிக்குவாங்க. டப்பா அடிக்கிறது இங்க, உள்ளூர் ப்ரெஸ்ல. டப்பா இருந்தா டூப்பு, இல்லாங்காட்டி ஒரிஜினலு. எவ்ளோ வருசமா பாத்துகினு கீறேன்!"

"கம்பெனிக்காரன் டப்பால போட்டுதான பாய் விப்பான்?"

"கம்பெனிக்காரன் கிட்ட யாரும்மா வாங்குறா?"

இந்த வாதத்தை மடக்க நான் ஒரு முழுப் பத்தி எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. பாய் அதற்குள் மேஜை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு கப்பல்காரன், டேப்ரிக்கார்டரைச் சரிசெய்து கொடுத்ததற்காகத் தந்துவிட்டுப் போனது. பெட்டி இல்லை. ஆனால் அதே கம்பெனி, அதே மாடல். (இப்படியெல்லாம் நடக்குமா என்கிறவர்கள் இந்த அடைப்புக்குறியிலேயே இறங்கிக்கொள்ளலாம். துறைமுகத்துப் பக்கம் இதைவிட மோசமாகவெல்லாம் நடக்கும்.)

கையில் எடுத்ததுமே யசோதராவுக்குப் புரிந்தது. இது கனமாக இருந்தது. அவளுடையது தக்கை.

6

ஆபீஸ் ஃபைலை வெளியே கொண்டுவரக் கூடாது. நோயாளியின் ரகசியம். ஆனால் யசோதராவுக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், இல்லை.

"பாய், வெத்தலையைத் துப்பாத. அப்டியே எதையாவது படி, டேப்புல புடிச்சிக்கலாம். நடுவுல ஒரு எடத்துல மட்டும் உன் இஷ்டத்துக்கு மாத்திப் படிச்சிடு. எந்த எடம்னு சொல்லாத."

பாய் அலமாரியிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்து, லேபிளைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, வெற்றிலை வாயோடு ரொம்ப உற்சாகமாகப் படித்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளும் மணலிக்குத் திரும்பும் டேங்கர்களும் தெருவையே ஆட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் கேசட்டில் ஏறியது.

முதலில் கப்பல் இயர்போன். மாட்டியதும் யசோதரா அசந்துபோனாள். லாரியின் அடிவயிற்று உறுமல் மார்புக்குள் கேட்டது. கடைத் தகரம் அதிர்வது தனியாக, ஹாரன் தனியாக. இப்படி ஒரு சத்தத்தை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. ஆனால் பாய் எங்கோ லாரிக்கு அடியில் கிடந்தார். அவள் கேட்டு எழுதினாள்: 'கண்ணில் படக் கூடாது. புண் உள்ள இடத்தில் தடவக் கூடாது.'

அடுத்து டூப்பு. லாரி கொசுவாகிவிட்டது. தகரம் காணாமல் போனது. அடிச்சத்தம் என்று ஒன்று அந்த இயர்போனுக்கு இல்லவே இல்லை. பாயின் வாய் மட்டும் மிச்சம். பாக்கு உடைவது கேட்டது. 'புண் உள்ள இடத்தில் தடவலாம்.'

"தடவலாம்!" என்று கத்திவிட்டாள் யசோதரா. "தடவலாம்னு மாத்தினியா பாய்?"

பாய் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி ரஹீமுன்னிசாவின் குரல் வந்தது. "புண்ணுல தைலத்த தடவச் சொல்றியே, யாரைச் சாவடிக்கப் பாக்குற?"

யசோதரா சிரிக்கவில்லை. தான் முதலில் எழுதிய 'கூடாது'வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கேட்டு எழுதியது இல்லை. அந்த இடத்தில் எதுவுமே கேட்கவில்லை. கை தானாக நிரப்பியிருந்தது.

"ஒரிஜினல வேணா எடுத்துகினு போம்மா, திங்கக்கெழம முடிஞ்சதும் குடு" என்றார் பாய். தன் இயர்போன் தோற்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"வேணாம் பாய். எனக்கு டூப்புதான் சரி."

"அதுல லெஃப்டு சைடு சத்தம் அப்பப்ப பூட்டு பூட்டு வருது, பாத்தியா? பின்னு கிட்ட ஒயரு லூசு. நான் கைவெச்சா ரெண்டும் பூடும்."

பார்த்திருந்தாள். இணையதளத்தில் புகார் செய்து திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் திங்கட்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. ஒயரை மடக்காமல் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

7

திங்கட்கிழமை. வெத்தலை டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். யசோதரா பெடலை மிதித்தாள். சொல் சொல்லாக வந்தது. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், பழைய ஆபரேஷன், எல்லாம் சுத்தமாகக் கேட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் ஒவ்வாமை பற்றிய வரி வந்தது. அந்த இடத்தில் இடது காது கரகரத்துச் செத்தது.

செத்த காது வழியாக ஏசி உறுமலும் சுற்றியிருந்தவர்கள் டைப் அடிக்கும் சத்தமும் உள்ளே நுழைந்தன. வலது காதில் '... நோன் அலர்ஜீஸ்'. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று. 'நோ'வா, எச்சில் விழுங்கினாரா? பின்னால் ஓட்டினாள். ஒயரை நிமிர்த்தினாள். மறுபடி ஓட்டினாள். கை அரித்தது.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

(அ) இடது காது உயிர் பெறுகிறது, ஜேக்கப் கைதட்டுகிறார், லோகநாதன் ஹவுசிங் போர்டு முழுக்க லட்டு கொடுக்கிறார். யசோதரா படித்துவிட்டு, "எங்கப்பா லட்டெல்லாம் குடுக்கமாட்டாரு சார்" என்றாள்.

(ஆ) வேலை போகிறது. காசிமேட்டுக் கடலோரம் நின்று இயர்போனை அலையில் வீசி "கடல்ல எதுக்கு சார் போடணும்? ரைட்டு சைடு நல்லா தான கீது?" என்று நடுவிலேயே வெட்டினாள் யசோதரா.

சரி என்று நானே அவளுக்காக அந்த இடத்தில் 'நோ' என்று எழுதினேன். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒவ்வாமை இருப்பதில்லை, 'நோ' பெரும்பாலும் சரியாகவே இருக்கும். யசோதரா அதை அழித்தாள். அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். அவள் வாழ்க்கையில் நிரப்பாமல் விட்ட முதல் கோடு.

"யசோதரா, இது பரீட்சை. போனால் போனதுதான்" என்றேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"தெரியும் சார். அந்த ஆளுக்கு மருந்து குடுக்கப் போறாங்க. எனக்குக் கேக்கல."

ஜேக்கப் வந்தார். திரையைப் படித்துக்கொண்டே போனவர் கோட்டில் நின்றார். யசோதரா எழுந்துகொள்ள, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த டூப்பு இயர்போனைத் தன் காதுகளில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பெடலை மிதித்தார். பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். ஒயரை நிமிர்த்தினார். இன்னும் ஒரு முறை ஓட்டினார். பக்கத்து சீட்டுகளில் டைப் சத்தம் நின்றுவிட்டது. பிறகு இயர்போனைக் கழற்றி, யசோதராவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"____________________."

சரியாக அந்த நேரம் பார்த்து பக்தவச்சலத்தின் போன் அடித்தது. ஜேக்கப் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் கோட்டில் "நாளைக்கு வந்துடு" என்பதும் அடங்கும், "நாளைக்கு வர வேண்டாம்" என்பதும் அடங்கும். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஆசையை எழுதி, கேட்டதாகச் சொல்லிவிடலாம். டூப்புக்குப் பளபளப்பான பெட்டி போட எனக்கும் தெரியும். தேவகிருபை டீச்சரைப் போல ஒருவர் உங்களுக்கும் இருந்திருப்பார், உங்கள் கையும் இப்போது அரித்துக்கொண்டிருக்கும். நிரப்புவதானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. யசோதரா இன்னும் ஜேக்கப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.