எட்டாவது காகிதம்

...கல்லூரி வளாகத்துக்குள்ளே மட்டும், வாரத்துக்கு இருபது மணி நேரம், வெளியே யார் வீட்டிலும் எந்தக் கடையிலும் வேலை பார்க்கக் கூடாது, மீறினால் விசா போய்விடும்... அவளைச் சேர்த்துக்கொண்ட அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் சொன்னது, புஷ்பமேரி அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டாள், நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், மெஸ்ஸில் தட்டு கழுவலாம், அவ்வளவுதான். பஸ் பெருமாள்மலையைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கியது. பக்கத்தில் அப்பா லூர்துசாமி, ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி, மிஷன் பங்களாக்களில் இருபத்திரண்டு வருஷம் சமைத்த கை, குளித்தும் போகாத வெங்காய வாடை. நாளைக் காலை மெட்ராஸில் விசா இன்டர்வியூ. ஃபைலில் எட்டுக் காகிதம், ஏழு காகிதத்தைப் பற்றிக் கவலையில்லை, எட்டாவதுதான்... முன்பு அப்பா சமைத்துப் போட்ட, இப்போது அமெரிக்கா திரும்பிவிட்ட கார்ட்னர் துரைசாணியிடம் அவர் கேட்டு வரவழைத்த நீல ஏர்மெயில் தாள். புஷ்பம் எங்கள் வீட்டில் தங்கி, சாயங்காலங்களில் என் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள், சம்பளம் தருவோம் என்று அதில் எழுதியிருந்தது. இதை விசா ஆபீசர் படித்தால்? நீ படிக்கப் போகிறாயா, ஆயா வேலைக்குப் போகிறாயா என்று கேட்டால்? பதினெட்டு வயசு வரைக்கும் படித்ததெல்லாம் ஒரு நீலத் தாளில் போய்விடுமா?

நேற்றே சொல்லிப் பார்த்தாள். “இது வேணாம்ப்பா. சட்டப்படி தப்பு.”

“கிறுக்குப் புள்ள! கொழந்தையப் பாக்குறதுல என்ன தப்பு, களவா செய்யப் போற? மார்க்கு ஆயிரம் பேருகிட்ட கெடக்கு. தொரசாணி சீட்டு ஒங்கிட்டத்தான இருக்கு?”

பங்களாவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சீட்டுதான் உலகம், துரைமார் ஊர் திரும்பும்போது எழுதிக்கொடுக்கும் நற்சான்று, அதை நீட்டினால்தான் அடுத்த பங்களாவில் அடுப்பு, அப்பாவிடம் பதினோரு சீட்டு இருக்கிறது, ஒன்றையும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

வத்தலக்குண்டில் பஸ் நின்றது. “டீ வாங்கிட்டு வெரசா வந்துர்றேன், ஃபைல நெஞ்சோட புடிச்சுக்க.” அவர் தலை மறைந்ததும் அவள் விரல் தானாகவே நீலத் தாளை உருவியது, மடித்தது, கைக்குட்டைக்குள் பொத்தியது. பஸ் நிற்கும் இடமெல்லாம் காகிதங்களை எண்ணிப் பார்க்கிறவராயிற்றே, இப்போதும் எண்ணுவாரே... கண்ணை மூடினால் வேறொரு சீட்டு வந்து நின்றது, அவளுக்குப் பத்து வயசு, புதுசாக இங்கிலீஷ், அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டிய வெள்ளைத் தாள். சமையல் நன்று, ஸ்டோர் ரூம் சாவியை மட்டும் இவனிடம் கொடுக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு மாற்றி வாசித்தாள், நல்ல மனுஷன், சாவியையே நம்பிக் கொடுக்கலாம்னு எழுதியிருக்குப்பா. அன்று முழுக்க அப்பா விசிலடித்தார். அந்தச் சீட்டைத்தான் மேலாக வைத்து எல்லாரிடமும் நீட்டினார், இரண்டு பங்களாவில் வேண்டாம் என்றார்கள், “ஆளு தேவப்படலயாம்” என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டார், அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

“இந்தா, ஆறிப்போகுமுன்ன குடி.” டீயை நீட்டிவிட்டு ஃபைலை வாங்கினார், விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டார், ஒண்ணு, ரெண்டு... துரைமார் எழுத்து என்பதால்தான் காகிதத்தை இப்படி நம்புகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள், இல்லையே, அவர் எழுத்தை எங்கே கண்டார், அவள் குரலைத்தானே கேட்டார்... அஞ்சு, ஆறு... இப்போது உண்மையைச் சொன்னால் பதினோரு சீட்டையும் திரும்ப வாசிக்கச் சொல்வாரோ?

விரல் நின்றது. “ஏழுதான் வருது புள்ள,” என்று ஃபைலை அவள் மடியிலேயே திரும்ப வைத்தார். “நீ ஒருக்கா எண்ணிச் சொல்லு. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”